வாசகர் கேள்வி: ராமனெல்லா எங்கே போனது?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பழைய தவளை பாட்டிலில் 'ராமனெல்லா வேரியகேட்டா' என்று லேபிள் இருக்கிறது. புதிய புத்தகத்தில் அதே தவளைக்கு 'யூபெரோடான் வேரியகேட்டஸ்' என்று போட்டிருக்கிறார்கள். ஏன் மாற்றினார்கள்? பழைய லேபிளைக் கிழித்துவிடலாமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கிழிக்காதீர்கள். அந்தப் பெயர் உங்கள் ஊரில் பிறந்தது. சென்ட்ரல் காலேஜில் விலங்கியல் பேராசிரியராக இருந்த சி.ஆர். நாராயண ராவ், ராமண்ணாவுடன் சேர்ந்து 1925-இல் வைத்த பேரினப் பெயர் ராமனெல்லா (இரு சொல் பெயரில் முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம்). விரல் நுனி அகன்ற, மரப்பொந்துகளில்கூட ஒண்டிக்கொள்ளும் குறுவாய்த் தவளைகள் அதில் இருந்தன. யூபெரோடான் 1841-லேயே துமேரில், பிப்ரோன் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர்கள் வைத்த பேரினப் பெயர். அவை பலூன்போல உப்பிய தவளைகள். ஒவ்வொரு பின்னங்காலடியிலும் மண்வெட்டி மாதிரி இரண்டு கெட்டிப் புடைப்புகள் இருக்கும். அவற்றால் மண்ணைத் தள்ளிக்கொண்டே பின்பக்கமாக உள்ளே இறங்கிவிடும்.

பார்வைக்கு இரண்டும் வேறுவேறுதான். டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது தனித்தனியாக நிறுத்த முடியாதபடி பின்னிக் கிடந்தன. பேரினம் என்றால் ஒரு மூதாதையும் அதன் வாரிசுகள் அத்தனையும். நடுவில் ஒரு பங்காளியை மட்டும் விலக்கிவைக்க முடியாது. அதனால் 2016-இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். இணைத்தால் மூத்த பெயரே நிற்கும் என்பது விதி. முதுகில் செங்கல் நிறத் திட்டுகளோடு பெங்களூருவிலும் தென்படும் தவளையும் அப்போதுதான் கலூலா என்ற இன்னொரு பேரினத்திலிருந்து யூபெரோடானுக்கு வந்தது.

வேரியகேட்டா ஏன் வேரியகேட்டஸ் ஆனது? லத்தீனில் ராமனெல்லா பெண்பால், யூபெரோடான் ஆண்பால். பண்பைச் சொல்லும் சிற்றினப் பெயர் பேரினத்தின் பாலுக்கு ஏற்ப ஈறு மாறும்.

பலரும் தவறவிடுவது, தவளையின் பெயருக்குப் பின்னால் முதலில் விவரித்தவர் பெயரோடு வரும் அடைப்புக்குறியை. அவர் வைத்த பேரினம் பிறகு மாறியிருந்தால் அந்தக் குறி வரும். இந்தத் தவளையை முதலில் விவரித்த ஸ்டோலிக்ஸ்கா 1872-இல் இதை வேறு பேரினத்தில்தான் வைத்தார். ஆகவே (ஸ்டோலிக்ஸ்கா, 1872) என்றே எழுத வேண்டும். குறியை விட்டால் அவரே யூபெரோடானில் வைத்ததாக ஆகிவிடும்.

புதுப் பெயரைத் தனிச் சீட்டில் எழுதி, மாற்றிய தேதியுடன் பழைய லேபிளுக்குப் பக்கத்தில் வையுங்கள். பாட்டிலுக்குள் போடும் சீட்டென்றால் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். பிடித்த இடமும் நாளும் பழைய லேபிளில்தான் இருக்கும். அது போனால் அந்தத் தவளை ஆராய்ச்சிக்கு உதவாது. நாளைக்கே இந்தப் பேரினத்தை மறுபடி பிரித்தால் ராமனெல்லா திரும்பி வரவும் வழி உண்டு.

ராவின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து குட்டித் தவளையாகவே வெளிவரும் புதர்த் தவளைகளுக்கு 2010-இல் ராவோர்கெஸ்டெஸ் என்று அவர் நினைவாகப் பெயரிட்டார்கள்.