பில்லில் "ஆண் குஞ்சு" என்று இருக்கிறதா?

கேள்வி: தை மாசம் பொள்ளாச்சிக் கடை ஒன்றில் 38,000 ரூபாய் கொடுத்து வீட்டு அக்வாபோனிக்ஸ் செட் (மீன் தொட்டித் தண்ணீரிலேயே செடியும் வளர்ப்பது) வாங்கினோம். 1,000 லிட்டர் தொட்டி, ஜல்லி நிரப்பிய இரண்டு பாத்தி, மோட்டார், 100 ஜிலேபி மீன் குஞ்சு. "ஒருதரம் வாங்கினால் போதும், அப்புறம் அதுவே குஞ்சு போட்டுக்கும்" என்றார்கள். முதல் வாரமே முப்பதுக்கு மேல் செத்துப்போயின. ஆறு மாசம் ஆகிறது. தொட்டி நிறையப் பொடி மீன். ஒன்றுகூட உள்ளங்கையைத் தாண்டவில்லை. கேட்டால், தீவனம் சரியாகப் போடவில்லை என்கிறார் கடைக்காரர். கடை தமிழ்நாட்டில், நாங்கள் கேரளத்தில். யாரிடம் முறையிடுவது?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தீவனத்தில் உங்கள் மேல் தவறு இல்லை, அம்மா. "அதுவே குஞ்சு போட்டுக்கும்" என்று ஆசை காட்டினார்களே, அதுதான் தொட்டியைக் கெடுத்தது.

ஜிலேபி, அதாவது திலேப்பியா, நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். பெண் மீன் முட்டையை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும். அந்த நாட்களில் அது சரியாகத் தின்னாது. பாலக்காட்டு வெயிலில் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருப்பதால் சில வாரத்துக்கு ஒருமுறை அடுத்த ஈடு. போடுகிற தீவனம் சதையாகாமல் முட்டைக்கும் குஞ்சுக்கும் போய்விடுகிறது. வளர்த்து அனுபவப்பட்டவர்கள் ஆண் குஞ்சுகளை மட்டும் வாங்குவது இதனால்தான். ஆண்தான் வேகமாகவும் வளரும்.

உங்களுக்கு வந்தது கிஃப்ட் என்ற மேம்பட்ட ஜிலேபி ரகம்தானா என்பதிலும் எனக்குச் சந்தேகம். 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கி, நன்றாக வளர்ந்தவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ரகம் அது. நம் குளம் குட்டைகளில் கிடக்கும் பழைய ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்கு வந்த வேறொரு இனம். சின்னதிலேயே சினைப்பட்டு, சின்னதாகவே நின்றுவிடும். குஞ்சாக இருக்கும்போது இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். எங்கிருந்து வந்தது என்ற காகிதம் ஒன்றுதான் ஆதாரம். மத்திய அரசின் கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் கீழ் இயங்கும் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் விஜயவாடாவில் கிஃப்ட் குஞ்சு உற்பத்தி செய்கிறது. கொச்சி வல்லார்பாடத்திலும் அவர்களுக்கு மையம் உண்டு. கேரளத்தில் 2014-ஆம் ஆண்டு மீன் விதைச் சட்டப்படி குஞ்சு விற்பவருக்கு உரிமம் வேண்டும். யாரிடம் வாங்கலாம் என்று உங்கள் பகுதி மத்ஸ்ய பவனில் (மீன்வளத் துறை அலுவலகத்தில்) கேளுங்கள்.

முதல் வாரச் சாவுக்குக் காரணம் வேறு. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். ஜல்லியில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு செடிக்கு உரமான நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். அவை பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொட்டியை இறக்கிய அன்றே குஞ்சையும் விட்டிருந்தால் சாவு வந்தே தீரும். உங்களுடையது போர் தண்ணீராக இருந்து, காரத்தன்மையைக் காட்டும் pH அளவு 8-க்கு மேல் போயிருந்தால் அதே அமோனியா இன்னும் கொடியது. இதையெல்லாம் சொல்லித் தருவது விற்றவர் பொறுப்பு. எண்ணிக்கையும் தப்பு. 1,000 லிட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் மீன் வேண்டாம் என்பது ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் வீட்டு அளவுக்குச் சொல்லும் கணக்கு. 100 மீனும் 400 கிராம் ஆகியிருந்தால் 40 கிலோ! நாற்பது குஞ்சே போதும்.

இனி வழக்கு. எல்லை உங்களுக்குத் தடையே இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ அலைய வேண்டாம். பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு என்று வாங்கியதால் நீங்கள் நுகர்வோர்தான். "வியாபாரத்துக்கு வாங்கினார்கள்" என்று அவர்கள் வாதாட இடம் கொடுக்காதீர்கள். பில், விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, தொட்டியின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் ஸ்பீடு போஸ்டில் கடைக்கு ஒரு நோட்டீஸ். அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலும் பேசலாம். பல கடைகள் அந்த நிலையிலேயே பேச்சுக்கு வந்துவிடும்.

தொட்டியை இப்போது என்ன செய்வது? பொடிகளை வலையால் அரித்துக் கோழிக்குப் போடுங்கள். உள்ளங்கை நீளத்தை எட்டியவற்றின் வயிற்றுப் பக்கம் பாருங்கள்: ஆணுக்கு இரண்டு துளை, பெண்ணுக்கு மூன்று. தெளிவாகத் தெரியாவிட்டால் சொட்டு மை தடவினால் தெரியும். பெண்களைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு ஆண்களை மட்டும் வளருங்கள். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: மிச்சத்தைச் சிற்றூர் ஆற்றிலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். அந்தத் தண்ணீர் பாரதப்புழைக்குப் போகிறது. அங்குள்ள நம் சொந்த மீன்களின் இடத்தையும் இரையையும் ஜிலேபி பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: என் பேரன் மொட்டை மாடியில் இதே மாதிரி ஒன்று வைக்கலாம் என்கிறான். வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கோவிந்தாபுரம்

பதில்: முதலில் மாடியைப் பாருங்கள், ஐயா. 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன். ஜல்லிப் பாத்தியும் சேர்ந்தால் எடை இன்னும் கூடும். தளம் தாங்கும் என்று பொறியாளர் சொல்லாமல் ஏற்றாதீர்கள். தரையில் நிழல் இருந்தால் அதுவே மேல்.

ஜல்லியில் ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், வேண்டாம். 40 வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட், மாதம் முப்பது. கரண்ட் நின்றால் சில மணி நேரத்தில் மீன் மூச்சுத் திணறிச் சாகும். எனவே பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் செட்டோடு வருகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விலையில் குறைத்துக்கொண்டு தனியாக வாங்குங்கள்.

வரவையும் முன்பே கணக்குப் போடுங்கள். நாற்பது மீன் ஏழெட்டு மாதத்தில் 400 கிராம் வந்தால் 16 கிலோ. அதற்கு 25 கிலோ தீவனமாவது வேண்டும். வீட்டுக் குழம்புக்கும் கீரைக்கும் அருமையான ஏற்பாடு. "மாதம் இத்தனை ஆயிரம் வருமானம், மீனை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்பவரிடம், எந்த விலைக்கு, எத்தனை கிராம் மீனை, எத்தனை நாளுக்குள் என்று எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: ஆண் குஞ்சுகளுக்கு ஹார்மோன் கொடுக்கிறார்களாமே, சாப்பிடலாமா?
– வேலந்தாவளம் வாசகர்

பதில்: சாப்பிடலாம். குஞ்சு எல்லாம் ஆணாக வளர, பொரித்த முதல் மூன்று, நான்கு வாரம் மட்டும் தீவனத்தில் சிறிதளவு ஹார்மோன் கலக்கிறார்கள். அது உடலில் தங்காமல் வெளியேறிவிடுகிறது. நீங்கள் சாப்பிடுவதோ அதற்குப் பல மாதம் கழித்து. ஆனால் வீட்டிலேயே செய்து பார்க்க அந்த மருந்தை விற்க வருகிறார்கள் என்றால் வாங்காதீர்கள். அது கையில் படுவதும் மூச்சில் போவதும் நல்லதல்ல, கலந்த தண்ணீரைக் கொட்டவும் இடமில்லை.