நகையை அடகு வைத்து டிகிரி வேண்டாம்

மஸ்கெலியாவிலிருந்து பேசிய அக்காவுக்கு,

மகள் கலைப்பிரிவில் உயர்தரம் தேறிவிட்டாள், வெள்ளவத்தை மாமா தனியார் கம்பியூட்டர் டிகிரியில் சேர்க்கச் சொல்கிறார் என்றீர்கள். யோசித்துச் செய்யுங்கள் என்று பட்டும் படாமல் சொல்ல மாட்டேன். சேர்க்காதீர்கள். 2024 செப்டம்பரில் 1350 ரூபாயான தோட்டத்து நாட்சம்பளம், பிறகு கூடினாலும் சிறியதுதான். அதை நம்பி வாழும் வீடு நகையை அடகு வைத்து, லோனும் எடுத்து, கொழும்பு போர்டிங்கும் கட்டினால் எப்படி மூச்சு விடுவது? பிள்ளைக்கோ கணக்கென்றாலே வெறுப்பு. மாமா எவ்வளவு தருகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

லயத்தில் யாருக்குச் சிங்களக் கடிதம் வந்தாலும் அவளிடம்தான் ஓடி வருகிறார்கள் என்றீர்களே, அந்த மொழிபெயர்ப்புதான் அவளுக்குத் தொழில். நுவரெலியா, அம்பகமுவ பிரிவுகள் 1999இலேயே சிங்களம், தமிழ் இரண்டிலும் வேலை நடக்க வேண்டிய இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. இருந்தும் தமிழில் பதில் எழுத ஆளில்லாத கந்தோர்கள் இன்னும் உண்டு. நீதிமன்றங்களுக்கு உரைபெயர்ப்பாளர் வேண்டும். அது மாதச் சம்பளம், ஓய்வூதியத்தோடு வரும் அரச வேலை. தேர்வில் தேறி நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்துகொண்டால் மொழிபெயர்ப்பாளராகச் சொந்தமாகவும் தொழில் பார்க்கலாம். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வெளிநாடு போகிறவர்களின் பத்திரங்கள் என்று வேலை வரும். கூலி பக்கக் கணக்கு. சாதாரணக் கடிதத்தை இப்போது போனே மொழிபெயர்த்துவிடும், உண்மைதான். ஆனால் போன் கையெழுத்தும் முத்திரையும் வைக்காது.

வருமானத்தை நீங்களே கணக்குப் பாருங்கள். ஹட்டனில் இத்தொழில் செய்யும் இரண்டு பேரிடம் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்று கேட்டு, எத்தனை பக்கம் ஒரு நாட்சம்பளத்துக்குச் சமம் என்று வகுத்துப் பாருங்கள். சொந்தத் தொழிலில் முதல் சில வருடம் வருமானம் ஏறி இறங்கும், மறைக்கவில்லை. கொழும்பு வாடகையில் அது கரைந்துபோகும். வீட்டிலிருந்தே செய்தால் கையில் நிற்கும். கொழும்புக்காரர் வேலையையும் ஈமெயிலில் வாங்கலாம்.

யாழ்ப்பாணம், களனி பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்புக் கற்கை உண்டு, கட்டணமில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வருமுன்னே, உயர்தரத்தில் எடுத்த இசட் புள்ளி போதாது என்று முடிவு கட்டாமல், விண்ணப்பத்தில் அந்தக் கற்கையையும் எழுதட்டும். கிடைக்காவிட்டால் அகலவத்தையில் தேசிய மொழிக் கல்வி மற்றும் பயிற்சி நிறுவகம் இருக்கிறது.

அப்புறம், சிங்களம் சரளமாகப் பேசுகிறாள், சரி. எழுத்துச் சிங்களம் வேறு மாதிரி. ஆங்கிலமும் பலவீனம் என்கிறீர்கள். செலவழித்தே ஆக வேண்டுமென்றால் இந்த வருடம் அந்த இரண்டு வகுப்புக்கும் மட்டும் செலவழியுங்கள்.