நேரலை விளையாட்டும் நாம் கட்டும் சந்தாவும்: கேள்வி பதில்

விளையாட்டு நேரலைக் கட்டுப்பாட்டு அறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: படங்களும் தொடர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, ஓடிடி நிறுவனங்கள் விளையாட்டு உரிமைக்கு ஏன் இவ்வளவு பணத்தைக் கொட்டுகின்றன?

பதில்: தொடரை நாளையும் பார்க்கலாம், அடுத்த மாதமும் பார்க்கலாம், முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தை மறுநாள் உட்கார்ந்து முழுவதும் பார்ப்பவர்கள் அரிது. கோடிக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் திரைமுன் அமர்த்தி, விளம்பரத்தையும் தாண்டவிடாமல் வைத்திருக்கும் வலிமை இன்று ஏறக்குறைய நேரலை விளையாட்டுக்கு மட்டுமே இருக்கிறது. அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு அதிகம் பேர் பார்த்த 100 ஒளிபரப்புகளில் 93, என்எஃப்எல் எனும் அமெரிக்கக் கால்பந்து லீக்கின் ஆட்டங்கள். அந்த லீக் 2021இல் அறிவித்த 11 ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தங்களின் மதிப்பு ஏறக்குறைய 11,000 கோடி டாலர். நெடுங்காலம் நேரலை விளையாட்டுப் பக்கமே வராதிருந்த நெட்ஃபிளிக்ஸ்கூட, 2024 கிறிஸ்துமஸ் அன்று அந்த லீக்கின் இரண்டு ஆட்டங்களை ஒளிபரப்பியது.

கேள்வி: எந்தச் செயலியில் சந்தா மலிவு?

பதில்: விலைப் பட்டியல் அந்தந்தச் செயலியிலேயே இருக்கிறது. ஆண்டுச் சந்தா கட்டுமுன், நீங்கள் பார்க்க விரும்பும் போட்டியின் உரிமை அந்நிறுவனத்திடம் எந்த ஆண்டுவரை இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உரிமை கைமாறினால் அவ்வளவு பாதிப்பா?

பதில்: 2022 ஏலத்தில் ஐபிஎல்லின் இணைய உரிமை டிஸ்னி+ ஹாட்ஸ்டாரிடமிருந்து ரிலையன்ஸ் குழுமத்தின் வயாகாம்18க்குப் போனது, 2023 ஆட்டங்களை அதன் ஜியோசினிமா செயலி இலவசமாகவே காட்டியது. 2022 அக்டோபரில் 6.13 கோடியாக இருந்த ஹாட்ஸ்டாரின் சந்தாதாரர் எண்ணிக்கை, அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் 4.04 கோடியாகச் சரிந்தது. பிறகு டிஸ்னி, ரிலையன்ஸ் ஆகிய இரண்டு குழுமங்களின் இந்திய ஊடகத் தொழில்களும் இணைந்து, 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் வந்தது. விளையாட்டு உரிமை என்பது வாடகை வீடு. குத்தகை முடிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். அதிக வாடகையும் ஆபத்தே: பிரிட்டனில் கீழ்நிலைக் கால்பந்து லீக்கின் உரிமைக்கு 31.5 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்ட ஐடிவி டிஜிட்டல், அதற்கேற்ற சந்தாதாரர்களைச் சேர்க்க முடியாமல் 2002இல் மூடப்பட்டது. அந்தப் பணத்தை நம்பிச் செலவு செய்திருந்த கிளப்புகள் தவித்துப்போயின.

கேள்வி: பக்கத்து வீட்டில் கூச்சல் கேட்ட பிறகே என் கைப்பேசியில் பந்து வீசப்படுகிறது. ஏன்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மைதானத்திலிருந்து வரும் காட்சி சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராகி, வெவ்வேறு இடங்களிலுள்ள சர்வர்களுக்குப் பரவி, அதன் பிறகே உங்களை வந்தடைகிறது. இணைப்பு இடையில் தடுமாறினாலும் படம் நிற்காதிருக்க, செயலி சில துண்டுகளை முன்கூட்டியே சேமித்துவைத்துக்கொண்டுதான் ஓடத் தொடங்குகிறது. கேபிளிலும் தாமதம் உண்டு, ஆனால் பொதுவாகக் குறைவு.

இதைவிடக் கடினமானது கூட்டத்தைச் சமாளிப்பது. 2019 உலகக் கோப்பை அரையிறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.5 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். தோனி ரன் அவுட் ஆனதும் பெருங்கூட்டம் ஒரேயடியாக வெளியேறியது. வெளியேறுபவர் பின்செல்லும் பொத்தானை அழுத்தும்போது செயலியின் முகப்புப் பக்கத்துக்கு வருகிறார். ஆட்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்த சர்வர்கள் ஓய்வெடுக்கும் அந்த நொடியில், முகப்பைத் தாங்கும் சர்வர்கள்மீது முழுச் சுமையும் இறங்குகிறது. விக்கெட் விழும்போது ரசிகரின் நெஞ்சோடு பொறியாளரின் நெஞ்சும் அடித்துக்கொள்வது இதனால்தான்.

கேள்வி: மாதச் சந்தாவா, ஆண்டுச் சந்தாவா, எது மலிவு?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். உரிமை முடியும் ஆண்டைப் பாருங்கள்.

கேள்வி: நான் விளையாட்டே பார்ப்பதில்லை. என் கேபிள் கட்டணத்தில் அதற்கும் சேர்த்து வாங்குவது அநியாயம் இல்லையா?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. அமெரிக்கக் கேபிள் தொகுப்புகளில் டிஸ்னியின் விளையாட்டுச் சேனலான இஎஸ்பிஎன்னைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், அதற்காக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மாதம் 9 டாலருக்கு மேல் போகிறது என்பது சந்தை மதிப்பீடு. ஆனால் விளையாட்டு ரசிகர் தங்குவதால்தான், நீங்கள் பார்க்கும் சிறிய சேனல்களும் அதே தொகுப்பில் பிழைத்திருக்கின்றன.

கேள்வி (இன்னொருவர்): இதை ஏற்க முடியாது. குடும்பங்களைக் கேபிளில் பிடித்துவைத்திருப்பவை தொடர்களும் செய்தியும்தான்.

பதில்: நாள்தோறும் அதிக நேரம் பார்க்கப்படுபவை அவைதான் என்பதை மறுக்கவில்லை. எது நின்றால் மக்கள் பொறுக்கமாட்டார்கள் என்பதே கேள்வி. 2023 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்க ஓபன் டென்னிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே, கட்டணத் தகராறில் சார்ட்டர் நிறுவனத்தின் ஏறக்குறைய 1.5 கோடிக் கேபிள் வீடுகளில் டிஸ்னியின் சேனல்கள் நின்றன. நின்றவற்றில் இஎஸ்பிஎன்னோடு குழந்தைகள் சேனலும் பொழுதுபோக்குச் சேனலும் இருந்தன. உடன்பாடு ஏற்பட்ட நாளோ செப்டம்பர் 11: அந்தப் பருவத்தின் முதல் திங்கள் இரவு என்எஃப்எல் ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது!

கேள்வி: கட்டணமில்லாமல் நேரலை காட்டும் இணைப்பு ஏதாவது?

பதில்: திருட்டு ஒளிபரப்புக்கு நான் வழி சொல்வதில்லை.

கேள்வி (முதலில் வருந்தியவர்): விளையாட்டு பார்க்காதவர்கள் எல்லோரும் கேபிளை விட்டுப் போனால், அந்தச் செலவை யார் சுமப்பது?

பதில்: எஞ்சியிருக்கும் ரசிகர்தான். 10 கோடி வீடுகளில் இருந்த இஎஸ்பிஎன் 7 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. 2025 ஆகஸ்டில் அது தனிச் செயலியாக வந்தபோது வைத்த முழு விலை மாதம் 29.99 டாலர். அதைத் தர ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். அமெரிக்காவில் பல நகர அணிகளின் ஆட்டங்களைக் காட்டிவந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் குழுமம் 2023 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. சான் டியேகோ பேட்ரெஸ் பேஸ்பால் அணிக்குத் தர வேண்டிய பணத்தை அது தராமல் விட்டதால், மே மாத இறுதியில் பேஸ்பால் லீக்கே பொறுப்பேற்று அந்த அணியின் ஆட்டங்களை ஒளிபரப்பத் தொடங்கியது.