தாத்தாவின் 21-ம் பாப்பாவின் 21-ம்

கேள்வி: அப்பாவுக்கு வயது 69, பிராஸ்டேட் கேன்சர். பயாப்ஸி ரிப்போர்ட்டில் '21-வது குரோமோசோமில் ஈஆர்ஜி மாற்றம்' என்று போட்டிருக்கிறது. என் மனைவி 4 மாதம் முழுகாமல் இருக்கிறாள். 21 என்றால் டவுன் சிண்ட்ரோம்தானே, குழந்தைக்கும் வந்துவிடுமோ என்று அழுதுகொண்டே இருக்கிறாள். எனக்கு 38 வயது. எனக்கும் இந்தக் கேன்சர் வருமா?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: முதலில் மனைவியின் அழுகையை நிறுத்துங்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. டவுன் சிண்ட்ரோமில் 21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக, பெரும்பாலும் கருவிலிருந்தே உடம்பு முழுக்க இருக்கும். அப்பாவின் கோளாறு அவருடைய கட்டியில் இருக்கிற செல்களுக்குள் மட்டும்தான், அது விந்தணு வழியாக உங்களுக்கு வந்து சேர வழியில்லை.

அந்தச் செல்களில் என்னதான் நடந்தது? 21-வது குரோமோசோமில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2, ஈஆர்ஜி என்று இரண்டு ஜீன்கள், நடுவில் கிட்டத்தட்ட 30 லட்சம் டிஎன்ஏ எழுத்து இடைவெளி. முதலாவது, ஆண் ஹார்மோன் வந்தால் எரியும் சுவிட்ச் வைத்த ஜீன் (கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவியதும் இதே ஆசாமிதான்). பல நோயாளிகளுக்கு நடுத்துண்டு அறுந்து விழுந்து, இரண்டு முனையும் ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் என்ன, ஹார்மோன் வரும்போதெல்லாம் சும்மா கிடக்க வேண்டிய ஈஆர்ஜி எரிய ஆரம்பித்துவிடும். இப்படி ஜீன்கள் ஒட்டிக்கொள்வது ரத்தப் புற்றுநோய் சமாச்சாரம் என்றே பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். 2005-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையன் குழு பிராஸ்டேட்டில் கண்டுபிடித்தபோது பலருக்கும் ஆச்சரியம். பிராஸ்டேட் கேன்சர் வந்த வெள்ளையர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது உண்டு, ஆசிய நோயாளிகளிடம் குறைவு.

லேபில் ஈஆர்ஜியின் இரண்டு பக்கமும் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். நல்ல செல்லில் இரண்டும் ஒட்டி மஞ்சளாகத் தெரியும், உடைந்திருந்தால் தனித்தனியாக நிற்கும், துண்டு தொலைந்திருந்தால் ஒரு நிறமே காணாமல் போயிருக்கும்.

இந்த மாற்றத்தை மட்டும் வைத்து வைத்தியத்தை மாற்ற மாட்டார்கள். கிளீசன் மதிப்பெண்ணும் (கட்டி எவ்வளவு முரட்டுத்தனமானது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் போடுவது), பிஎஸ்ஏவும் (பிராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை), எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்பதும்தான் முக்கியம், டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

சரி, உங்கள் கதை. அப்பாவுக்கு வந்திருப்பதால் மற்றவர்களைவிட உங்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வாய்ப்பு உண்டு என்பது உண்மை, அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அதற்குக் காரணம் இந்த 21 இல்லை. பரம்பரையாக வருவது பிஆர்சிஏ2 மாதிரி ஜீன்களில் இருக்கும் பழுது. அதைக் கட்டியில் மட்டும் பார்த்தால் போதாது, ரத்தத்திலோ எச்சிலிலோ பார்க்க வேண்டும். சித்தப்பாவுக்கு பிராஸ்டேட், அத்தைக்கு மார்பு அல்லது கருப்பைக்குப் பக்கத்துச் சினைப்பை என்று அப்பா வழியில் யாருக்காவது கேன்சர் இருந்ததா என்று அப்பாவிடமே ஒரு நாள் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இருந்தால், முதலில் அப்பாவின் ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், அவரிடம் பழுது தெரிந்தால்தான் உங்கள் முறை. இல்லையென்றாலும் 40, 45 வயதில் பிஎஸ்ஏ பார்ப்பது பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள். தம்பி இருந்தால் அவருக்கும் இதேதான்.

பாப்பாவுக்கு மகப்பேறு டாக்டர் எழுதித் தரும் வழக்கமான ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் எடுங்கள், தாத்தாவின் ரிப்போர்ட்டை அந்த ஃபைலில் வைக்காதீர்கள்.