ஈர மூட்டையும் பெருத்த இதயமும்

கேள்வி: மாதவரத்தை அடுத்த மாத்தூரில் 400 கறிக்கோழிகள் வளர்க்கிறேன். மழை தொடங்கியதிலிருந்து நான்கு வாரக் கோழிகள், அதிலும் நன்றாகக் கொழுத்தவை, மல்லாந்து விழுந்து இறக்கின்றன. அறுத்துப் பார்த்தால் இதயம் பெருத்து, மஞ்சள் நீர் இருக்கிறது. தீவன மூட்டைகளின் அடியில் பூஞ்சணம் தெரிகிறது. தீவனத்திலுள்ள நஞ்சைப் பிடித்துவைக்கும் டாக்சின் பைண்டரை இரண்டு மடங்காகக் கலந்து, மீதமுள்ள எட்டு மூட்டைகளையும் தீர்த்துவிடலாம் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா? இல்லையேல் வீட்டுக் கறவை மாட்டுக்குப் போட்டுவிடட்டுமா?

பதில்: செய்யாதீர்கள். களிமண் வகைப் பைண்டர், அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். ஆனால் அஃப்ளடாக்சின் முதலில் கெடுப்பது ஈரலைத்தான். இதயத்தை நேரடியாகத் தாக்குவது, மக்காச்சோளத்தில் ஃபியுசேரியம் பூஞ்சணம் உண்டாக்கும் மோனிலிஃபார்மின் என்ற நஞ்சு. இதயத் தசை சர்க்கரையிலிருந்து ஆற்றல் பெறும் வழியை அது அடைத்துவிடுவதால், முதல்நாள் வரை தின்றுகொண்டிருந்த கோழி மறுநாள் விழுந்து கிடக்கும். அதைக் களிமண் பிடிப்பதில்லை. இரண்டு மடங்கு போட்டால் கடைக்காரரின் விற்பனைதான் இரண்டு மடங்காகும்.

நீர் எங்கே இருந்தது என்பதை நீங்கள் எழுதவில்லை. இதய உறைக்குள் மட்டும் வைக்கோல் நிற நீர் தேங்கியிருந்தால், 1987இல் கராச்சி அருகே அங்காரா கோத்தில் முதலில் கண்டறியப்பட்ட அடினோ வைரஸ் நோயைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். பூஞ்சண நஞ்சு எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து அதை மேலும் கடுமையாக்கும். வயிறு நிறைய நீர் என்றால், சாரலுக்கு அஞ்சித் தார்ப்பாயை இறக்கிக் கட்டியதில் காற்றோட்டம் குறைந்து, அம்மோனியா தேங்கி, வேகமாக வளரும் கோழியின் இதயம் வலப்பக்கம் தளர்ந்திருக்கலாம். நீரே இல்லாமல் கொழுத்த கோழி மல்லாந்து இறப்பது தனிக்கதை. ஊகிப்பதை விட்டுவிட்டு, இறந்தவுடன் ஒரு கோழியை ஐஸ் பெட்டியில் வைத்து, மாதவரம் பால்பண்ணைப் பகுதியிலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். கூடவே, எட்டு மூட்டைகளிலும் மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்த தீவனத்தைக் காகிதப் பையில் கொடுங்கள். நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஒரே கை அள்ளிக் கொடுத்துப் பெறும் 'நலம்' என்ற அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

இனி, ஆண்டுதோறும் ஐப்பசியில் நான் சொல்லிச் சலித்த விஷயம். உங்கள் மூட்டைகள் சிமெண்டுத் தரையில், சுவரை ஒட்டி நிற்கின்றன என்று பந்தயமே கட்டுவேன். பூஞ்சணம் அடியில் தெரிவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. தரையிலிருந்து அரையடி உயரத்தில் மரச்சட்டம், சுவரிலிருந்து ஓரடி இடைவெளி, மழைக்காலத்தில் பத்து நாளுக்கு மேல் இருப்பு வைக்காமை, 13 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள மக்காச்சோளத்தை இறக்காமை ஆகிய நான்கும் எந்தப் பைண்டரையும்விட மலிவு. நனைந்த சோளத்தை வெயிலில் காயவைத்து, பூஞ்சணத்தைத் தட்டிவிட்டு, நல்ல சோளத்தோடு அரைத்து விற்பவர்கள் உண்டு. வெயில் ஈரத்தைத்தான் எடுக்கும், நஞ்சை எடுக்காது. அரைத்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. ஃபியுசேரியம் நஞ்சோ பெரும்பாலும் வயலிலேயே ஏறிவிடுவது. ஆகவே சோளத்தை முழு மணியாகப் பார்த்து வாங்கி, உங்கள் கண்முன் அரைக்கச் சொல்லுங்கள். அதற்குத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

மாட்டுக்குப் போடவே கூடாது. அஃப்ளடாக்சின் உருமாறிப் பாலில் இறங்கும். அந்தப் பாலை உங்கள் வீட்டுக் குழந்தைகள்தான் குடிப்பார்கள். எட்டு மூட்டைகளையும் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள்.