ராணுவத்திலும் உளவுத்துறையிலும் இருந்தவர் தூதர் ஆவது எப்படி?

தூதர் என்பவர் தன் அரசின் சார்பில் இன்னொரு நாட்டு அரசுடன் பேசுபவர். பெரும்பாலானோர் வெளியுறவுப் பணியில் சேர்ந்து படிப்படியாக மேலே வருகிறார்கள். சிலர் வேறு வழியாக வந்து சேர்கிறார்கள்.

அமெரிக்காவின் வெர்னன் வால்டர்ஸ் நல்ல உதாரணம். 1941-இல் ராணுவத்தில் சேர்ந்தார். பல மொழிகள் பேசுவார், அதனால் அதிபர்களுக்கே மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தார். அப்புறம் தூதரகங்களில் ராணுவப் பிரதிநிதி. பாரிஸில் அந்தப் பொறுப்பில் இருந்தபோதுதான், வட வியட்நாமியருடன் அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸிஞ்சர் நடத்திய ரகசியப் பேச்சுவார்த்தைகளுக்கு ஓசைப்படாமல் ஏற்பாடு செய்து கொடுத்தார். 1972 முதல் 1976 வரை அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் துணை இயக்குநர். 1985-இல் ஐ.நா. தூதர். 1989-இல் பெர்லின் சுவர் விழுந்தபோது மேற்கு ஜெர்மனியில் தூதர்.

ஏன் இப்படிப்பட்டவர்களைத் தேடுகிறார்கள்? எதிரே இருப்பவர் சொல்வதில் எது நிஜம், எது மிரட்டல் என்று எடைபோடுவதே அவர்களுடைய பழைய வேலை. ரகசியம் காக்கவும் தெரியும், என் பார்வையில் அதுதான் முக்கியம். முன்னாள் கொத்தனார் வீடு வாங்கப் பேரம் பேசினால், புதுப் பூச்சுக்குள் இருக்கும் விரிசலும் அவர் கண்ணில் படும் அல்லவா?

இப்படி வருபவர் தூதர் வேடத்தில் இருக்கும் உளவாளி என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல: தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா ஒப்பந்தப்படி, ஏற்கும் நாடு சம்மதித்தால்தான் ஒருவர் தூதராகவே முடியும், பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே மறுக்கலாம்.