கப்பல்காரரின் துவக்கு – கடிதம்

வணக்கம் ஐயா,

உங்கள் விண்கலத் தொடர்கதையை விடாமல் வாசிக்கிறேன். ஒன்று மட்டும் மனதுக்கு ஒத்துவரவில்லை. இருநூறு வருடம் கழித்தும் கப்பல் ஆட்களின் இடுப்பில் இரண்டு ரவை போடும் கட்டைத் துவக்குதானா? லேசர் எங்கே? காற்றில்லாத இடத்தில் இது எப்படி வெடிக்கும்? வெடித்தால் சுவர் ஓட்டையாகி எல்லோரும் செத்துப்போவார்களே?

– ஒரு வாசகர், மாங்குளம்

அன்புள்ள தம்பி,

வெடிப்பதில் பிரச்சினை இல்லை. எரியத் தேவையான ஒட்சிசன் வெடிமருந்துக்குள்ளேயே இருக்கிறது. இடியன் துவக்குக்கு இடிக்கிற மருந்தில் வெடியுப்புச் சேர்ப்பது அதற்காகத்தான்.

ஓட்டையும் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. 2018 ஓகஸ்ட்டில் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு நின்ற சோயுஸ் கலத்தில் 2 மில்லிமீற்றர் துளை ஒன்று இருந்தது. காற்றழுத்தம் மெல்ல மெல்லத்தான் இறங்கியது. பிசின் வைத்து அடைத்துவிட்டார்கள். ரவையின் ஓட்டை அதைவிடப் பெரிது, என்றாலும் தேடி அடைக்க நேரம் கிடைக்கும். எனக்குப் பயம் சுவருக்குப் பின்னால் ஓடுகிற ஒட்சிசன் குழாயும் வயரும்தான். அதனால்தான் கதையில் ரவை ஈயமில்லை, செப்புத்தூளை அழுத்திச் செய்தது. உலோகத்தில் பட்டால் பொடியாகிவிடும். சுடுபயிற்சி இடங்களில் இப்போதே பாவிக்கிறார்கள்.

லேசரைத் தவிர்த்தது கண்ணுக்காக. பளபளக்கும் தகடுகளுக்கு நடுவே அதைப் பாய்ச்சினால் சுட்டவரின் கண்ணும் போகும்.

உதைப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் பெரிய விசயம். 8 கிராம் ரவை விநாடிக்கு 350 மீற்றர் வேகத்தில் போனால், மிதக்கிற 70 கிலோ ஆள் விநாடிக்கு 4 சென்ரிமீற்றர் பின்னால் நகர்வார். அதைச் சமாளிக்கலாம். ஆனால் சுடுவது தோள் உயரத்தில், உடலின் பாரம் நிற்பது இடுப்பருகில். ஆள் சுழலத் தொடங்கிவிடுவார். இரண்டாவது வெடி எங்கே போகுமென்று யாருக்கும் தெரியாது. என் கதாநாயகி முதலில் காலைக் கம்பியில் கொழுவிக்கொண்டு பிறகுதான் துவக்கில் கை வைக்கிறாள். நான் நிறைய மினக்கெட்டு எழுதிய வரி அது.

உண்மையாகவே விண்வெளிக்குப் போன துவக்கும் உண்டு. 1965 மார்ச்சில் சோவியத் விண்வெளி வீரர்கள் லியோனோவும் பெல்யாயேவும் பூமிக்குத் திரும்பும்போது குறி தப்பிப் பனிக்காட்டில் இறங்கி, ஓநாயும் கரடியும் உலவுகிற இடத்தில் இரவைக் கழித்தார்கள். பிற்பாடு சோவியத்தில் டிபி-82 என்று மூன்று குழல் துவக்கொன்று செய்தார்கள். இரண்டு குழல் சிதறிப் பாய்கிற சன்னத்துக்கு, ஒன்று ரவைக்கு. பிடங்கைக் கழற்றினால் அது காட்டுக்கத்தி. ஒட்டுசுட்டான் பக்கம் காட்டுக்குப் போய்வருகிறவர்களுக்கு அதன் நியாயத்தை நான் விளக்கத் தேவையில்லை.

கட்டுத்துவக்கையும் அவர்களுக்குத் தெரியும். பன்றிக்கென்று சிலர் தடத்தில் கட்டி, குறுக்கே கயிறு இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். தேன் எடுக்கவும் மாடு தேடவும் போனவர்களின் கால்களை அது சிதைத்திருக்கிறது. யானைகள் காயம் புழுத்து, நாள்கணக்காக நொண்டிச் செத்திருக்கின்றன. கட்டினவன் அந்த நேரம் வீட்டில் நித்திரை. அந்தக் கோபத்தில்தான் என் துவக்குக்கு ஒரு விதி வைத்தேன்: உரியவரின் உள்ளங்கை பிடியில் இல்லாவிட்டால் சுத்தியல் இறங்காது. எங்கும் கட்டிவைக்கவோ தூர நின்று இயக்கவோ முடியாது. சுடுகிறவர், யாரைச் சுடுகிறோம் என்று பார்த்துத்தான் ஆகவேண்டும். இரண்டு ரவையை நான்காக்கச் சொன்னால் யோசிப்பேன் தம்பி, இதை விடமாட்டேன்.

அடுத்த அத்தியாயத்தில் ஒருவன் அந்தப் பூட்டைக் கழற்றப் பார்க்கிறான். வாசித்துவிட்டு எழுதுங்கள்.